ஒரு கடல், ஒரு பெட்டி, ஏழு பேர்



போன வாரம் எங்கள் வீட்டுப் பட்டாலைச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் விசாரித்தீர்கள். "டீச்சர், கடையில் வாங்கியதா, நீங்களே செய்ததா?" என்று சிலர். "எங்க வீட்டுலயும் பழைய போட்டோ கிடக்கு, செய்முறை எழுதுங்க டீச்சர்" என்று சிலர். சொந்தக்காரர்களில் மூன்று பேர் மட்டும், "அதுல ஓரத்துல நிக்கிற பையன் யாரு? நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி தெரியலையே" என்று கேட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்துகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

சிங்கப்பூரில் இருக்கும் என் பேத்திதான் இதை ஆரம்பித்து வைத்தாள். "ஆயா, இதுக்கு ஷேடோ பாக்ஸ்னு பேரு. நீங்கதான் பேப்பர்ல எல்லாம் செய்வீங்களே, செஞ்சு பாருங்க" என்று ஒரு வீடியோ அனுப்பினாள். இரண்டு அங்குல ஆழத்தில் ஒரு மரப்பெட்டி, முன்னால் கண்ணாடி. உள்ளே காகிதத்தில் கடல், மணல், படகு எல்லாம் வெட்டி அடுக்கடுக்காக நிறுத்தி, நடுவில் ஒரு பழைய கடற்கரைப் புகைப்படம். ஒவ்வொரு அடுக்கின் நிழலும் பின்னால் இருக்கும் அடுக்கின்மேல் விழும். தட்டையான படத்துக்கு ஆழம் வந்துவிடும். நிழற்பெட்டி என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன்.

இது வெளியூர்ச் சரக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரவிவர்மா அச்சுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் நிஜப் பட்டுத் துணியை வெட்டிச் சேலையாக ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் மணியும் தைத்துக் கண்ணாடி போட்டிருப்பார்கள். தஞ்சாவூர்ப் படத்தில் நகையெல்லாம் மேடாக எழும்பி நிற்கும். தட்டையாக இருப்பது போதாது, கொஞ்சம் எழுந்து வரவேண்டும் என்ற ஆசை நம் வீட்டுப் பெண்களுக்கும் எப்போதும் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் கடலை வைப்பது மட்டும்தான் எனக்குப் புதிது.

கடற்கரைப் படம் என்றதும் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் கடலோடு இருக்கும் பழைய படம் ஒன்றே ஒன்றுதான். தனுஷ்கோடியில் எடுத்தது.

இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பச்சி தலைமுறையில் செட்டிநாட்டு ஆண்களில் பலர் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழிலுக்குப் போனார்கள். 'கொண்டுவிக்கப் போறது' என்று சொல்வார்கள். போனால் மூன்று வருடம் ஒரு கணக்கு. அதற்குப் பிறகுதான் ஊர் திரும்புவார்கள். எங்கள் அப்பச்சி கொழும்பில் செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதினார்கள். காரைக்குடியில் ரயில் ஏறினால் தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை, மானாமதுரை. அங்கிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தைத் தாண்டினால் பாம்பன் சந்திப்பு. அங்கே பாதை பிரியும். ஒன்று இராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று நேராகத் தனுஷ்கோடிக்கு. ரயிலை விட்டு இறங்கியதும் கப்பல். இர்வின், கோஷன் என்ற பெயரில் கப்பல்கள் தலைமன்னாருக்கு ஓடின. அங்கே மறுபடி ரயில், மறுநாள் கொழும்பு. அதனால்தான் சென்னையிலிருந்து வந்த ரயிலுக்கே போட் மெயில் என்று பெயர்.

ஒரு தடவை அப்பச்சியை வழியனுப்பக் குடும்பமே தனுஷ்கோடி வரை போயிருக்கிறது. சேதுக் கரையில் கடலாடிவிட்டு, அவர்களைக் கப்பல் ஏற்றிவிட்டு வரலாம் என்று. கூட வந்த கடைச் சிநேகிதர் ஒருவர் கையில் பாக்ஸ் கேமரா வைத்திருந்தார். அவர் எடுத்த படம் இது. ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர். சுற்றி வெள்ளைக் கரை, விளிம்பு ரம்பம் போல நெளிநெளியாக. நடுவில் அப்பத்தா, பக்கத்தில் அப்பச்சி, ஆத்தா, என் மூத்த ஆச்சி, அண்ணன். ஆத்தா இடுப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கும் கைப்பிள்ளை நான். (எங்கள் வழக்கில் அக்காவை ஆச்சி என்போம். மற்றப் பிள்ளைகள் பாட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) வலது ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பையன். கையில் ஓலைக் கொட்டான்.

இந்த ஆறு பேரில் இன்று இருப்பது ஆச்சியும் நானும்தான். எனக்கு அன்றைய நாள் எதுவும் தெரியாது. ஆச்சிக்கு எண்பத்தொன்று. கொஞ்ச நாளாக அவர்களுக்கு மறதி கூடிக்கொண்டு வருகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. பழையது மட்டும் கல்வெட்டு மாதிரி நிற்கிறது, அதுவும் சில நாள்களில் மட்டும். அதனால் பெட்டி செய்கிற சாக்கில் வாரம் இரண்டு நாள் படத்தை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

இப்போது செய்முறை.

முதல் விதி, மூலப் படத்தை வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, பெட்டிக்குள் வைக்கவும் கூடாது. அதை ஸ்கேன் செய்து பிரதி எடுத்துத்தான் வேலை செய்யவேண்டும். அதே அளவில் வேண்டுமானால் 300 டிபிஐ போதும். நான் இரண்டு மடங்கு பெரிதாக்கினேன், அதனால் 600-இல் ஸ்கேன் செய்யச் சொன்னேன். பளபளப்பில்லாத தாளில் மூன்று பிரதி. ஒன்று பின்னணிக்கு, ஒன்று ஆள்களை வெட்டி எடுக்க, ஒன்று கைக்காவலுக்கு. பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிடுங்கவே பிடுங்காதீர்கள். படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியை ஆசாரியிடம் சொல்லிச் செய்தேன். உள்ளளவு பன்னிரண்டுக்குப் பத்து அங்குலம், ஆழம் இரண்டு அங்குலம். இடிந்த வீட்டு ஜன்னல் கதவிலிருந்து எடுத்த தேக்குச் சட்டம். ஒரே ஒரு கண்டிப்பு: கண்ணாடி எந்த அடுக்கையும் தொடக்கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும்.

மற்றதெல்லாம் காகிதம். நிஜ மணலும் நிஜச் சிப்பியும் போட்டால் அழகாக இருக்குமே என்று பேத்தி கேட்டாள். கடல் மணலில் உப்பு இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூடிய பெட்டிக்குள் அது படத்துக்கு எமன். பவளப் பாறைத் துண்டு கரையில் கிடந்தால்கூடப் பொறுக்கக்கூடாது. மன்னார் வளைகுடாவை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதனால் மணலுக்கு நான் வாங்கியது உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் மரம் தேய்க்க விற்கிறார்களே, அதேதான். 120-ஆம் நம்பர் தாள் நன்றாக அமைந்தது. பழுப்பு நிறம், வெளிச்சம் பட்டால் லேசாக மின்னும். கையில் தடவிப் பார்த்தால் மணலேதான்.

கடலுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் காலண்டர் தாள்களும். எங்கள் வீட்டில் பத்திரிகைக்கா பஞ்சம்? நீலத்தில் மட்டும் பதினொரு சாயல் கிடைத்தது. தூரத்துக் கடலுக்குக் கருநீலம், நடுவில் மயில்கழுத்துப் பச்சை, கரையோரம் வெளிர்நிறம். கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறைவு, அடி மணல் தெரிவதால் நிறம் வெளுக்கிறது என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? நுரைக்கு மெல்லிய தாள். அதைக் கத்தரியால் வெட்டினால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தின் மேலேயே மெதுவாகக் கிழிக்கவேண்டும். நார் நாராகப் பிரிந்து நுரை போலவே வரும்.

அடுக்குகளுக்கு இடையில் தடுப்புக்கு நோட்டு அட்டையைக் கீற்றுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டேன். பின்னால் இருக்கும் அடுக்குகளை நெருக்கமாகவும், முன்னால் வர வர இடைவெளியைக் கூட்டியும் வைத்தால் கண்ணுக்கு ஆழம் அதிகமாகத் தெரியும். மைதாப் பசை வேண்டாம். பூச்சிக்கு விருந்து. பைண்டிங் செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், அது விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. வெள்ளைப் பசையே போதும். பின்பலகையைச் சுற்றிக் காகித டேப் ஒட்டி மூடினால் ராமபாணப் பூச்சி உள்ளே நுழையாது.

இவ்வளவுதான் வேலை. பொறுமை இருந்தால் நான்கு நாளில் முடிக்கலாம். எனக்கு இரண்டரை மாதம் ஆனது. ஏனென்றால் ஒவ்வொரு அடுக்கையும் வெட்டும் முன் ஆச்சியிடம் கேட்க ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது.

அலையை எவ்வளவு உயரம் வெட்டுவது? படத்தில் கடல் ஒரு வெள்ளைக் கீற்றாகத்தான் தெரிகிறது. "ஆச்சி, அன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "எந்தக் கடல்?" என்று திருப்பிக் கேட்டார்கள். தனுஷ்கோடியில் இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அலையடித்துக்கொண்டே இருக்கும், ஆண் கடல் என்பார்கள். வடக்கே வங்கக் கடல், அமைதியாகக் கிடக்கும், அது பெண் கடல். "ஆண் கடல்ல அப்பத்தா கையைப் புடிச்சுக்கிட்டு முங்கி எந்திரிச்சோம். போட்டோ புடிச்சது இந்தப் பக்கம். குளம் மாதிரி கெடந்துச்சு. பாரு, அப்பத்தா முடி ஈரமா இருக்கு" என்றார்கள். பெரிதாக்கிய பிரதியில் பார்த்தேன். தலைமுடி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் என் பெட்டியில் அலை கிடையாது. மூன்று தாழ்ந்த நீலப் பட்டைகள், ஒரு நுரைக் கோடு.

அப்பத்தாவின் கண்டாங்கி என்ன நிறம்? "அரக்கு. மஞ்சக் கரை." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இப்போது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றுவது போனிலேயே வருகிறது. ஆனால் நான் ஆள்களுக்கு நிறம் ஏற்றவில்லை. கடலும் மணலும் காகிதம், அதை என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்கள் அன்றைக்கு அந்த வெயிலில் நின்றவர்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டேன். சேலை நிறத்தை மட்டும் பெட்டியின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அடுத்த கேள்விதான் பெரியது. அந்தப் பையன்.

ஆள்களை வெட்டி எடுக்கும்போது ஆறு பேரும் ஒரு கூட்டமாக வந்துவிட்டார்கள். பையன் மட்டும் தனியாக, அதுவும் பாதியாக. வலது தோளும் கையும் படத்துக்கு வெளியே போய்விட்டன. என் தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அயித்தை, அவன் எதுக்கு? விட்டுடுங்க. நம்ம குடும்பம் கரெக்டா நடுவுல வரும். பின்னால இருக்கிற பிரதியிலயும் போன்ல ஒரு தொடு தொட்டா அவனை அழிச்சிடலாம், இருந்த எடமே தெரியாது" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. யாரோ ஒரு பையன் படத்துக்குள் ஓடி வந்திருக்கிறான், இது குடும்பப் படம். எனக்கும் அது சரியென்றே பட்டது. இருந்தாலும் ஆச்சியிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆச்சி, இந்தப் பையன் யாரு?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். அன்றைக்கு நல்ல நாள். "சோழி விக்கிற பய. கொட்டான்ல சோழியும் சங்கும் வச்சிருந்தான். எனக்குப் பல்லாங்குழி ஆடச் சோழி வேணும்னு அடம் புடிச்சேன். அப்பச்சி புதுக் காசு குடுத்தாக, பூ மாதிரி விளிம்பு வளைஞ்சு இருக்குமே, பத்து நயா பைசா. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது வேணாம் ஐயா, அணா குடுங்க'ன்னுட்டான். எல்லாரும் சிரிச்சோம். ஆத்தா முந்தானையில முடிஞ்சிருந்த ஒரு அணாவை அவுத்துக் குடுத்துச்சு. அவனுக்கு ரோசம் வந்திருச்சு, சிரிச்சதுக்கு. கை நெறைய அள்ளி என் பாவாடையில கொட்டுனான். அப்பதான் போட்டோ புடிச்சாக."

சமூக அறிவியல் டீச்சருக்கு இது போதாதா? படத்தின் பின்னால் தேதி கிடையாது. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. அந்தக் காசைப் பார்த்து ஒரு பையன் மிரளுகிறான் என்றால் அதற்குப் பிறகு வெகுநாள் ஆகியிருக்காது. நான் பிறந்தது 1955 ஆகஸ்ட். படத்தில் இடுப்பில் இருக்கிறேன். வீட்டுப் பெட்டகத்தைக் குடைந்து அப்பச்சியின் பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். தலைமன்னார் முத்திரை, 1957 மே. அறுபத்தெட்டு வருடம் தேதி இல்லாமல் கிடந்த படத்துக்கு ஒரு சோழிக்காரப் பையன் தேதி சொல்லிவிட்டான்.

சந்தோஷத்தில் இதை ஆச்சியிடம் சொன்னேன். அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. வேறு ஒன்று சொன்னார்கள்.

"புயல் அடிச்சப்ப நான் தேவகோட்டையில மாமியார் வீட்டுல இருந்தேன். மூத்தவன் வயித்துல. பேப்பர்ல போட்டிருந்தாக, தனுஷ்கோடியே இல்லேன்னு. வீட்டுல எல்லாரும், நல்ல வேளை அப்பச்சி ரெண்டு வருசம் முந்தியே ஊருக்கு வந்துட்டாகன்னு பேசிக்கிட்டாக. எனக்கு அந்தப் பய நெனப்புதான் வந்துச்சு. யாருகிட்ட கேக்குறது? பேரு கூடத் தெரியாதே."

1964 டிசம்பர் 22 இரவு. உங்களில் பலர் தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போய், இடிந்த தேவாலயத்தின் முன் செல்பி எடுத்திருக்கிறீர்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு போவது எளிதாகிவிட்டது. அங்கே ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம், குடியிருப்பு எல்லாம் இருந்த ஒரு ஊர், ஒரே இரவில் கடலுக்குள் போனது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் பேரலை அடித்துப் போய்விட்டது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியை மட்டும் திரும்பக் கட்டவில்லை, மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1984-க்குப் பிறகு அதுவும் நின்றது.

பாடம் எடுக்கும்போது இதையெல்லாம் வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். ஆண்டு, ரயில் எண், நாள் எல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த ஊர்ப் பையன் ஒருவன் எங்கள் வீட்டுப் படத்தில், என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறான் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆச்சி எழுந்து உள்ளே போய்ச் சின்னத் தகர டப்பாவை எடுத்து வந்தார்கள். பதினான்கு சோழி. "நெறைய இருந்துச்சு. பிள்ளைகள் ஆடித் தொலைச்சது போக இவ்வளவுதான்" என்றார்கள். பிறகு, "அவனை வெட்டிடாதே" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

அவனை எப்படி வைப்பது என்பதுதான் பிறகு பிரச்சினை. பாதி உடம்பை வெட்டி நடுவில் நிறுத்தினால் அந்தரத்தில் அறுபட்ட மாதிரி இருக்கும். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மற்ற ஆறு பேரையும் நடு அடுக்கில் வைத்தேன். பையனை மட்டும் ஒரு அடுக்கு முன்னால் கொண்டுவந்து, பெட்டியின் வலது பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். இப்போது அவனுடைய இல்லாத தோளும் கையும் மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரியும். அப்போதுதான் வெளியிலிருந்து உள்ளே எட்டு வைத்து வருகிற மாதிரி. அவன் காலடியில் உப்புத்தாள் மணலில் காகிதச் சோழி பதினான்கு வெட்டி வைத்தேன். சோழி ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. கண் வலித்தது, ஆனாலும் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. தண்ணீர் ஓரத்தில் ஒரு கத்திக் கப்பல். அது என் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டில் கடைசிப் பக்கங்களையெல்லாம் கிழித்து நாம் செய்த கப்பல்தான்.

மாட்டிய அன்றைக்குத் தம்பி மகன் வந்து பார்த்தான். "அயித்தை, முதல்ல கண்ணு அவன்கிட்டதான் போகுது" என்றான். முற்றத்து வெளிச்சம் மேலிருந்து விழுவதால் பத்து மணிக்கு அவன் நிழல் மணலில் நீளும், மத்தியானம் காலடிக்குள் சுருங்கும். நேர் வெயில் படாத சுவராகப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறேன். வெயில் பட்டால் பிரதியும் வெளுத்துவிடும்.

பெட்டியின் பின்பலகையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி எழுதியிருக்கிறேன். தனுஷ்கோடி, 1957 மே. இடமிருந்து வலமாக ஆறு பேரின் முழுப் பெயர், உறவு, பிறந்த வருடம். அப்பத்தா சேலை அரக்கு, மஞ்சள் கரை. படம் எடுத்தது அப்பச்சியின் கடைச் சிநேகிதர். ஏழாவதாக, 'சோழி விற்ற தம்பி. பெயர் தெரியாது. ஒரு அணாவுக்குக் கை நிறையச் சோழி கொடுத்தான். சொன்னது ஆச்சி.'

இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவுக்காகத்தான். பழைய சாமான் கடைகள் இருக்கிற தெரு. எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, மரத்தூண் என்று வீடு இடித்த சாமானெல்லாம் அங்கே வந்து சேரும். பெட்டிக்குக் கண்ணாடி தேடி நானும் போனேன். சுவர் நெடுகப் பழைய குடும்பப் படங்கள் சட்டத்தோடு அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த தம்பதி, தொப்பி போட்ட பெட்டியடிப் பையன்கள், ஸ்டூடியோவில் கடலும் நிலாவும் வரைந்த திரைக்கு முன் நிற்கும் அக்கா தங்கை. கடலையே பார்க்காதவர்கள்கூட அந்தக் காலத்தில் திரைக்கடல் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முகமும் அவ்வளவு தெளிவு. "இவங்க யாருன்னு தெரியுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "யாருக்கு ஆச்சி தெரியும்? சட்டம் தேக்கு. அதுக்குத்தான் விலை" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் யாருக்கும் பெயர் தெரியாமல் போன பிறகுதான் அந்தப் படம் அவர் கடைக்கு வருகிறது.

எனவே, வழக்கம்போல வீட்டுப்பாடம். பெட்டி செய்வது கட்டாயம் இல்லை. கீழே இருப்பது கட்டாயம்.

ஒன்று. வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டில் மிக வயதானவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இது யாரு?" என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு நின்றுவிடும். சேலை என்ன நிறம், என்ன வாசனை, யார் சிரித்தார்கள், அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், படத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.

இரண்டு. சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மூன்று. மூலப் படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். 4பி பென்சிலால் லேசாக எழுதுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், காகித உறையில் போட்டு, ஈரம் இல்லாத பீரோவில் வையுங்கள்.

நான்கு. ஸ்கேன் எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள். குறைந்தது மூன்று வீட்டில் பிரதி இருக்கட்டும்.

ஐந்து. ஓரத்தில் நிற்கிறவரையும் கேளுங்கள்.

இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். 1957-இல் பத்துப் பதினோரு வயது, தனுஷ்கோடியில் சோழி விற்றவர். புயலுக்கு முன்பே ஊர் மாறிப் போயிருக்கலாம், பிழைத்திருக்கலாம். இருந்தால் இன்று எண்பதை நெருங்கியிருப்பார். புது நயா பைசாவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த கதையை அவரும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கக்கூடும். அங்கே பெரியவர்கள் யாரிடமாவது பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பெரிதாக்கிய படத்தைக் கேட்டால் அனுப்புகிறேன். பெயர் மட்டும் கிடைத்தால்கூடப் போதும். பின்பலகைத் தாளில் அவர் வரிசைக்குப் பக்கத்தில் இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ஆச்சி இருக்கும்போதே அதை நிரப்பினால் நல்லது.

எல்லோரும் நலமாக இருங்கள். வீட்டுப்பாடம் முடித்தவர்கள் எழுதுங்கள். முடிக்காதவர்களும் எழுதுங்கள், இந்த வயதில் யாரையும் பெஞ்சு மேல் ஏற்றப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்,
காரைக்குடி